போகாத ஊருக்கு வழி

இல்லாத ஓர் ஊரைப் பற்றித் தவறாக எழுத முடியுமா?

மதுரையில் காவிரி ஓடுகிறது என்று எழுதினால் அடுத்த நிமிடமே யாராவது திருத்திவிடுவார்கள். ஆனால் எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு நாட்டில் ஆற்றைக் கிழக்கே ஓடவிட்டாலும் மேற்கே ஓடவிட்டாலும் கேட்க ஆளில்லை. அங்கே வாழ்பவர்கள் எல்லோரும் கொடூரர்கள் என்று எழுதினாலும் மானநஷ்ட வழக்குப் போட ஒருவரும் வரப்போவதில்லை. அப்படியானால் கற்பனை நிலத்தை எழுதுபவருக்குப் பொறுப்பு என்று ஒன்று உண்டா? உண்டென்றால் யாரிடம்?

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் ஆடுபவர்களிடையே இந்தக் கேள்வி சில வருடங்களாகவே சூடாக இருக்கிறது. ஆடிப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள், இல்லையென்றால் வீடியோ காலில் கூடுவார்கள். ஒருவர் கேம் மாஸ்டர். அவர் உலகத்தை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து "நான் கதவைத் தட்டுறேன்", "நான் அந்தப் பெரியவர்கிட்ட பேசிப் பாக்குறேன்" என்று சொல்வார்கள். விளைவு எப்படியும் போகலாம் என்கிற இடங்களில் பகடை உருளும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்கு ஆரம்பம்.

இந்தக் கற்பனை உலகங்கள் ஒரு புத்தகத்தில் அடங்காதவை. அதனால் ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் தனியாக ஒரு சோர்ஸ்புக் வரும். அதில் கதை இருக்காது. ஊர்கள், ஆறுகள், அரசர்கள், கடவுள்கள், திருவிழாக்கள், யாருக்கும் யாருக்கும் பகை, காட்டுக்குள் என்ன மிருகம் என்று ஒரு நாட்டின் விவரங்கள் இருக்கும். கேம் மாஸ்டர் அதைப் படித்துவிட்டுத் தன் மேசையில் அந்த நாட்டை நடத்துவார். போகாத ஊருக்கு வழி சொல்லாதே என்று நம் பக்கம் திட்டுவார்கள். சோர்ஸ்புக் எழுதுகிறவர்களுக்கு அதுதான் தொழிலே.

2021இல் பெய்சோ நிறுவனம் தன் பாத்ஃபைண்டர் விளையாட்டுக்காக 'தி ம்வாங்கி எக்ஸ்பான்ஸ்' என்ற சோர்ஸ்புக்கை வெளியிட்டது. கோலாரியன் என்ற அவர்களுடைய கற்பனை உலகில், ஆப்பிரிக்காவை மனதில் வைத்து உருவாக்கப்பட்ட நிலப்பகுதி ம்வாங்கி. அதே நிலத்துக்கு 2010லேயே 'ஹார்ட் ஆஃப் த ஜங்கிள்' என்று ஒரு புத்தகம் இருந்தது. ஒரே நிறுவனம், ஒரே கற்பனை நிலம், 11 வருட இடைவெளியில் இரண்டு புத்தகங்கள். இடையில் அந்த நிலத்தில் எதுவும் நடந்திருக்க முடியாது, ஏனென்றால் அந்த நிலமே கிடையாது. பிறகு ஏன் மறுபடி எழுத வேண்டியிருந்தது?

முதலில் எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு வைத்துப் பார்ப்போம். "கற்பனைதானே, விடுப்பா" என்பது சோம்பேறித்தனமான வாதம் இல்லை. கற்பனையின் மதிப்பே அது நிஜத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்பதில்தான் இருக்கிறது. கதையில் வரும் ஒவ்வொரு கெட்டவனும் ஏதோ ஒரு நிஜ மக்கள் கூட்டத்தின் பிரதிநிதி என்று படிக்க ஆரம்பித்தால், பிறகு கதை எழுத ஆளிருக்காது, மனு எழுதத்தான் ஆளிருப்பார்கள். தவிர, ஒருவருக்குத் தீங்கு செய்ய வேண்டுமென்றால் முதலில் அந்த ஒருவர் இருக்க வேண்டும். ம்வாங்கிக்காரர் என்று ஒருவரும் பிறக்கவே இல்லை.

நாவலைப் பொறுத்தவரை இந்த வாதத்தில் நிறைய நியாயம் இருக்கிறது. சோர்ஸ்புக் விஷயத்தில்தான் இது இடறுகிறது. நாவல் எழுதி முடிக்கப்பட்ட ஒன்று. அதில் வரும் படகோட்டிக்குப் பெயர் இல்லையென்றால் பெயர் இல்லை, அவ்வளவுதான். சோர்ஸ்புக்கோ முன்பின் தெரியாதவர்கள் மேலே கட்டிக்கொள்வதற்காகவே எழுதப்படுகிறது. எழுதியவர் யோசித்தே பார்க்காத கேள்விகளை ஆடுபவர்கள் கேட்பார்கள். "இந்தப் படகோட்டியம்மா பேரு என்ன? வீட்ல என்ன சமைச்சிருக்காங்க? அவங்களுக்கு ராஜாவைப் பிடிக்குமா?" கேம் மாஸ்டருக்கு இருப்பது இரண்டு விநாடி. புத்தகத்தில் பதில் இருந்தால் சொல்வார். இல்லையென்றால் வாயில் வருவதைச் சொல்வார்.

அந்த இரண்டு விநாடியில் வாயில் வருவது எங்கிருந்து வருகிறது? நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். மதிப்பு எதுவும் தரப்படாத இடத்தில் டிஃபால்ட் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலானவர்கள் அதைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. அதனால் ஒரு மென்பொருள் நடைமுறையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதில் இருக்கும் நூறு வசதிகளைவிட அதன் டிஃபால்ட்களே அதிகம் தீர்மானிக்கின்றன. மனித மனத்தின் டிஃபால்ட், அதுவரை பார்த்த சினிமாவும் படித்த காமிக்ஸும்தான். அடர்ந்த காடு, கறுப்பு மனிதர்கள் என்று சொல்லிவிட்டு மீதியைச் சொல்லாமல் விட்டால், டார்ஜான் காலத்து முரசும் ஈட்டியும் தானாக வந்து நிற்கும். கேம் மாஸ்டர் நல்லவரா கெட்டவரா என்பதற்கு அங்கே வேலையே இல்லை. அவருக்கு நேரமில்லை, அவ்வளவுதான்.

சோர்ஸ்புக் எழுதுபவரின் பொறுப்பு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். அவர் எழுதியதற்கு மட்டுமில்லை, எழுதாமல் விட்ட இடத்தில் மற்றவர்கள் எதை இட்டு நிரப்புவார்கள் என்பதற்கும் அவருக்கு ஒரு பங்கு உண்டு. ம்வாங்கிக்காரர்கள் இல்லாதவர்கள். ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் பாட்டி ம்வாங்கிக்காரரின் சாயலில் இருக்கலாம். ஆட்டம் முடிந்து எழுந்து போகும்போது எல்லோரும் எந்தப் பார்வையைப் பழகிக்கொண்டு போகிறார்கள் என்பது அந்தப் பாட்டியையும் தொடும்.

எதை எழுதுகிறோம், எதை விடுகிறோம் என்பதற்கு இந்தத் துறையிலேயே பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1979இல் கைகாக்ஸ் எழுதிய 'த கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்'. தொடக்க ஆட்டக்காரர்களுக்கான பெட்டியோடு சேர்த்தே விற்கப்பட்டதால், ஒரு தலைமுறைக்கே கேம் மாஸ்டர் வேலையைக் கற்றுக்கொடுத்தது அதுதான். எல்லையில் ஒரு கோட்டை, பக்கத்தில் அசுரக் கூட்டங்கள் வசிக்கும் குகைகள். கோட்டைக்குள் இருக்கும் கொல்லருக்கும் வங்கிக்காரருக்கும் கோட்டைத் தலைவருக்கும் பெயரே கிடையாது. பெயரைக் கேம் மாஸ்டர் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் யாரிடம் எவ்வளவு பொன் இருக்கிறது, எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் துல்லியமாக இருக்கும். குகைகளில் எத்தனை பெண்கள், எத்தனை குழந்தைகள் என்று எண்ணிக்கையும் இருக்கும். அந்தக் குழந்தைகளை என்ன செய்வது என்பது மட்டும் சொல்லப்படாது. கொள்ளையடிக்க வருபவருக்குத் தேவையான தகவல் எல்லாம் அதில் இருக்கிறது, குடியிருக்க வருபவருக்குத் தேவையானது எதுவும் இல்லை. அந்தக் குகைக் குழந்தைகளைப் பற்றிய கேள்விக்கு ஆட்டக்காரர்கள் இன்றுவரை சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நம் வீட்டுப் பக்கத்திலிருந்தும் ஒன்று. 1977இல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' நூலில் ராட்சசன் இருக்கிறான். புலித்தலை, பின்பக்கமாகத் திரும்பிய கைகள், பெரிய மனிதர் தோரணையில் புகைக்கும் குழாய். மந்திரித்த அம்பு பட்டால் செத்துப்போவான். அம்பு விஷயம் 1974இல் வந்த ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் அத்தியாயத்திலிருந்து வந்தது. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. நம் கோயில் சுவர்களில் சிற்பிகளும் கைக்கு வந்தபடிதான் அரக்கர்களைச் செதுக்கியிருக்கிறார்கள், படம் அருமையான படம். எனக்கு உறுத்துவது அதன் கீழே இருக்கும் ஒரு வரி. அந்த விளையாட்டில் ஒவ்வொரு உயிருக்கும் 'அலைன்மென்ட்' என்று ஒரு குணக்குறி உண்டு. ராட்சச இனம் முழுவதற்கும் ஒரே குறி: தீயவர். விபீஷணன் தர்மம் பேசி அண்ணனைப் பிரிந்து போனதும், கும்பகர்ணன் அண்ணன் செய்தது தப்பு என்று தெரிந்தே அவன் பக்கம் நின்று செத்ததும் அந்த ஒரு வரியில் இல்லாமல் போகின்றன. ராமாயணத்தில் அரக்கர்கள் தங்களுக்குள் விவாதிக்கிறார்கள். ஒரு கூட்டம் தனக்குள் விவாதிக்கிறது என்று காட்டிவிட்டால் அதற்கு ஒற்றைக் குறி போட முடியாது.

இந்தக் கண்ணோடு பழைய ம்வாங்கியைப் பார்க்கலாம். குரங்கு அரசன் ஆளும் நகரம், பாழடைந்த கோயில்கள், புதையல், சர்காவா என்ற குடியேற்ற நாடு. சர்காவாவுக்கு 2010இல் தனிப் புத்தகமே வந்தது, அதன் தலைப்பில் 'தொலைந்துபோன காலனி' என்று இருந்தது. யார் தொலைத்தது, யாரிடமிருந்து என்று கேட்டால், வடக்கே இருந்த பேரரசு தொலைத்தது. அதாவது நிலத்துக்குப் பெயர் வைக்கும்போதே வெளியிலிருந்து பார்த்தாகிவிட்டது. அந்தப் பகுதியின் பொதுமொழிக்கு அன்றைக்கு வைத்திருந்த பெயர் 'பாலிகிளாட்'. பல மொழி என்று பொருள். தன் வீட்டில் பேசும் மொழிக்கு உலகில் யாராவது அப்படிப் பெயர் வைப்பார்களா? புரியாமல் நின்று கேட்பவர் வைக்கும் பெயர் அது. பின்னர் வந்த பதிப்பில் அந்த மொழிக்கு ம்வாங்கி என்றே பெயர் வந்தது.

2021 புத்தகத்தைக் கறுப்பின எழுத்தாளர்கள் பலர் இருந்த ஒரு பெரிய குழு எழுதியது. படிக்கும்போது முதலில் தெரிவது அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதுதான். நந்தாம்பு நகரத்தில் மகாம்ப்யா என்று ஒரு மந்திரக் கல்விச்சாலை. உலகம் இருண்டு கிடந்த காலத்துக்குப் பிறகு கல்வியை மீட்டெடுத்த முதுமந்திரவாதி ஜதெம்பே நிறுவியது. பழைய புத்தகங்களிலும் ஜதெம்பே உண்டு, இதில் அவர் விட்டுச்சென்றது அன்றாட வாழ்க்கையாக இருக்கிறது. அதே வருடம் தொடங்கிய 'ஸ்ட்ரெங்த் ஆஃப் தௌசண்ட்ஸ்' என்ற ஆறு பாகத் தொடர் ஆட்டத்தில் ஆட்டக்காரர்கள் அந்தக் கல்விச்சாலையில் மாணவர்களாகச் சேர்கிறார்கள், பிறகு ஆசிரியர்களாகவும் ஆகிறார்கள். கொள்ளையடிக்க வந்த வழிப்போக்கர் வேடத்தை விட்டுவிட்டு, படிக்க வந்து தங்கிவிட்டவர் வேடம். இடம் மாறி உட்கார்ந்தவுடன் கேட்கத் தோன்றும் கேள்விகளும் மாறிவிடுகின்றன.

அதற்காக அங்கே எல்லோரும் உத்தமர்கள் என்று எழுதிவிடவில்லை. ம்சாலி நகரத்தை ஆள்வது வால்கெனா, பதனிட்ட பிணமாகக் கிடந்து உயிர்பெற்ற குழந்தைக் கடவுள். அந்நியர்களை முழுவதும் விரட்ட வேண்டும் என்பது அவன் கொள்கை. காலனி செய்த கொடுமைகளைப் பார்த்தால் அந்தக் கோபத்தின் காரணம் புரியும். ஆனால் அவன் தன் மக்களையே எரிக்கும் கொடுங்கோலன், அவனை எதிர்த்து அதே நகரத்தில் ஒளிந்து இயங்கும் கூட்டமும் இருக்கிறது. நியாயமான கோபம் அநியாயமான ஆட்சியாக ஆகலாம் என்று ஒரு நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் அங்கே இருப்பவர்களை மனிதர்களாக எண்ணியிருக்க வேண்டும். வெறும் புகழ்ச்சியும் ஒருவகை டிஃபால்ட்தான்.

சர்காவா என்ன ஆனது என்பதில்தான் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இருக்கிறது. பழைய தவறை இந்தத் துறை மூன்று விதமாகக் கையாள்கிறது. ஒன்று, சீட்டு ஒட்டுவது. 1985இல் வந்த 'ஓரியண்டல் அட்வென்ச்சர்ஸ்' போன்ற பழைய நூல்களை இணையத்தில் விற்கும் பக்கங்களில், இவை அந்தக் காலத்து முற்சாய்வுகளைக் கொண்டிருக்கலாம் என்ற பொருளில் ஓர் அறிவிப்பை விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 2020இல் சேர்த்தது. இரண்டு, அழிப்பது. 2022இல் அதே நிறுவனத்தின் 'ஸ்பெல்ஜாமர்' தொகுப்பில் ஹடோசி என்ற குரங்குச் சாயல் இனத்துக்கு அடிமைகளாக்கப்பட்ட பூர்வகதை ஒன்று இருந்தது. கறுப்பின மக்களைப் பற்றிய பழைய இழிவுகளை அது அப்படியே எதிரொலிக்கிறது என்று எதிர்ப்பு வந்ததும், மன்னிப்புக் கேட்டு டிஜிட்டல் பதிப்பிலிருந்து அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். அச்சிட்ட பிரதியில் அது இருக்கும், திரையில் இருக்காது.

மூன்றாவது வழி பெய்சோ சர்காவாவுக்குச் செய்தது. சர்காவா இருந்ததே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அங்கே ஒரு புரட்சி நடந்தது என்று எழுதினார்கள். மண்ணின் மக்கள் காலனி அரசைத் தூக்கியெறிந்தார்கள், நாட்டின் பெயர் இப்போது வித்ரியன். பழைய புத்தகம் வித்ரியன் நாட்டின் கசப்பான வரலாறாக அப்படியே நிற்கிறது. ஆட்டக்காரர்கள் இப்போது கேட்கலாம்: காலனிக்காரர்களின் சிலைகளை என்ன செய்தார்கள்? நிலப்பத்திரங்கள் யார் பெயரில் இருக்கின்றன? போகாமல் தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள்? அழித்துவிட்டிருந்தால் இவற்றில் ஒரு கேள்விகூட மிஞ்சியிருக்காது. சில விஷயங்களை அழிக்கத்தான் வேண்டும். ஒரு விளையாட்டுக் கையேட்டில் ஓர் இனத்தையே அவமானப்படுத்தும் பத்தியைப் பத்திரப்படுத்தி வைக்க எந்த அவசியமும் இல்லை. ஆனால் அநீதி ஒரு நிலத்தின் அமைப்பாகவே எழுதப்பட்டிருந்தால், அதை அங்கே இருப்பவர்களே உடைத்தார்கள் என்று எழுதுவது, அவர்களுக்கு நாம் முன்பு தராமல் விட்ட ஒன்றைத் திருப்பித் தருகிறது. செயல்படும் உரிமையை.

இதுவரை நான் சொன்னதைக் கவிழ்க்கக்கூடிய ஓர் ஆள் இருக்கிறார், அவரைத் தாண்டிப் போக முடியாது. எம். ஏ. ஆர். பார்க்கர். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருதும் தெற்காசியவியலும் கற்பித்த பேராசிரியர். 1975இல் வெளிவந்த அவருடைய 'எம்பயர் ஆஃப் த பெடல் த்ரோன்' ஆட்டத்தின் உலகம் டெக்குமெல். ஐரோப்பியக் கோட்டையும் குதிரைவீரனும் இல்லாத உலகம். இந்தியா, மத்திய அமெரிக்கா, எகிப்து எல்லாம் கலந்த நாகரிகங்கள், இலக்கணத்தோடு அவர் உருவாக்கிய மொழிகள், குலங்கள், கோயில்கள், சடங்குகள். விவரம்தான் மரியாதை என்றால் பார்க்கரைவிட மரியாதை செய்தவர் யாருமில்லை. அவர் 2012இல் காலமானார். 2022இல் டெக்குமெல் அறக்கட்டளை ஒரு விஷயத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது: 1991இல் புனைபெயரில் வெளிவந்த ஒரு நாஜி ஆதரவு நாவலை எழுதியவர் பார்க்கர்தான்.

இதைப் படித்தபோது நம்மூர் அலமாரிகளில் இருக்கும் வேறு புத்தகங்கள் ஞாபகம் வந்தன. சோர்ஸ்புக் என்ற வடிவத்தின் தாத்தா காலனிய கெசட்டியர். ஊர், ஆறு, விளைச்சல், சாதிகள், அவற்றின் 'குணம்' என்ற அதே வரிசை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளில் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பதிவு செய்தார். விவரத்துக்குக் குறைவே இல்லை, மூக்கையும் மண்டையையும்கூட அளந்தவர் அவர். அதே காலத்தில், அதே ஆட்சியில், குற்றப் பரம்பரைச் சட்டம் முழு முழு சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பட்டியலிட்டது. 1871இல் வடக்கே தொடங்கிய அந்தச் சட்டம் 1911இன் திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் அந்தப் பதிவை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஒரு கூட்டம் முழுமைக்கும் பிறப்பிலேயே ஒரு குணக்குறி போடுவது என்பதை நாம் விளையாட்டுப் புத்தகத்தில் முதன்முதலாகப் பார்க்கவில்லை. ரைபிளோடு வந்த பதிப்பைப் பார்த்த மண் இது.

ஆக, ஒரு மக்களைப் பற்றி நிறையத் தெரிந்திருப்பதும் அவர்களை மதிப்பதும் வேறுவேறு. தர்ஸ்டனின் தொகுதிகளில் இருப்பவர்கள் அளக்கப்பட்டார்கள். பக்கத்தைத் திருப்பி, "ஐயா, இது தப்பு, நாங்க அப்படிச் செய்யறதில்லை" என்று சொல்லும் இடம் அவர்களுக்குத் தரப்படவில்லை. குறைந்தபட்ச மரியாதை என்பது இந்த மறுத்துப் பேசும் இடம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 2010க்கும் 2021க்கும் இடையில் ம்வாங்கியில் மாறியதும் இதுதான். யாருடைய சாயலில் அந்த மக்கள் வரையப்பட்டார்களோ, அவர்களில் சிலர் பேனாவோடு மேசைக்கு வந்தார்கள்.

"அப்போ அந்தந்த ஊர்க்காரங்கதான் அந்தந்த ஊரைப் பத்தி எழுதணுமா?" என்று கேட்கலாம். அப்படி ஒரு சட்டம் போட்டால் கற்பனை உலகம் என்பதற்கே அர்த்தமில்லாமல் போகும், கோலாரியன்காரர் என்று யாரும் இல்லையே. ஆப்பிரிக்காவோ பெரிய கண்டம், எந்தக் குழுவும் அதற்கு மொத்தக் குத்தகை எடுக்க முடியாது. சாயல் ஒன்றாக இருப்பதால் மட்டும் டிஃபால்ட்கள் மாறிவிடாது, நாமும் அதே சினிமாக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே. தமிழில் நாளை ஒருவர் சோர்ஸ்புக் எழுதினால் மலைமேல் வாழ்கிறவர்களை எப்படி எழுதுவார் என்று யோசித்துப் பாருங்கள். நம் படங்களில் வரும் மலைவாசிக் காட்சிகள் அந்த இரண்டு விநாடியில் நம் வாயிலும் வரும். வெளியாள் எழுதலாம். மறுத்துப் பேசக்கூடிய ஒருவரிடம் எழுதியதைக் காட்டிவிட்டு எழுத வேண்டும், மறுப்பு வந்தால் திருத்த வேண்டும்.

டெக்குமெல்லை என்ன செய்வது என்பதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. பல வருடங்களாக அந்த உலகில் ஆடியவர்கள் தங்கள் மேசைகளில் கட்டியதெல்லாம் பார்க்கருடையது மட்டுமல்ல, அவர்களுடையதும்தான். எழுதியவரின் மனசு எப்படி இருந்தாலும், எழுதப்பட்ட நிலத்தில் அங்குள்ளவர்கள் பேச இடம் இருக்கிறதா என்பதைத் தனியாகச் சோதித்துப் பார்க்கலாம். புதிதாக எந்த சோர்ஸ்புக் வந்தாலும் நான் இப்போது மூன்று கேள்விகளோடு திறக்கிறேன். ஆட்டக்காரர்கள் யாருமே வராத நாளில் இந்த ஊரில் என்ன நடக்கும்? இந்த மக்கள் தங்களுக்குள் எதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்? வெளியிலிருந்து வருகிறவர்களை அவர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? மூன்றுக்கும் பதில் இருந்தால், அந்தப் புத்தகம் விட்டுவைத்த இடைவெளிகளை நம்பி ஒரு கேம் மாஸ்டரிடம் கொடுக்கலாம். படகோட்டியம்மாவின் பெயரை யாராவது கேட்டால் அந்த இரண்டு விநாடியில் அவர் வாயில் ஒரு நல்ல பெயர் வரும்.